குடியிருப்பில் விலங்கு வளர்ப்பு: உரிமையும் பொறுப்பும்

கீழ்க்காணும் பகுதியை வாசித்து, இறுதியில் உள்ள வினாக்களுக்கு விடை எழுதுக.

பலகை வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு

கம்போங் மேடான், பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில், பழைய கிள்ளான் சாலைக்கு அருகில் அமைந்துள்ள குடியிருப்பு. தோட்டங்களை விட்டு வேலை தேடி நகரத்துக்கு வந்த குடும்பங்கள் பல, ஒரு காலத்தில் இப்பகுதியில் பலகை வீடுகளிலும் நீண்ட வீடுகளிலும் வாழ்ந்தன. வந்தவர்கள் தோட்ட வாழ்க்கையின் பழக்கங்களையும் உடன் கொண்டுவந்தனர். வீட்டின் பின்புறம் கோழிக்கூண்டு இருந்தது. வாசலில் காவலுக்கு ஒரு நாய் படுத்திருந்தது. சமையலறையில் மிஞ்சிய சோறு வீணாகாமல் அவற்றுக்கு உணவானது.

காலப்போக்கில் பலகை வீடுகள் குறைந்தன. அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. மக்கள் குடிபெயர்ந்தார்கள். அவர்களோடு கோழியும் நாயும் மாடி ஏறலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது.

இந்நிலையில் சிக்கிய ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். அது நான்காம் மாடியில் வசிக்கிறது. வீட்டில் பெற்றோர், மூன்றாம் படிவத்தில் பயிலும் மகள், பாட்டி ஆகியோர் உள்ளனர். வீட்டுக்கு வெளியே உள்ள நடைபாதையின் மூலையில் ஒரு கூண்டு. அதில் ஐந்து கோழிகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. பழைய வீட்டில் பத்து ஆண்டுகளாக இருந்த பழுப்பு நிற நாய் இப்போது சமையலறையின் பின்கட்டில் கட்டப்பட்டிருக்கிறது.

கீழ்வீட்டில் இருப்பவர் ஒரு மருத்துவமனைத் தாதி. இரவுப் பணி முடிந்து காலையில்தான் அவர் உறங்க முடியும். அவர் முதலில் யாரிடமும் புகார் செய்யவில்லை. இருமுறை மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். நாய் பகல் முழுதும் குரைப்பதையும், கூண்டைக் கழுவும் நீர் தம் வீட்டுத் துணிகளின் மேல் வடிவதையும் பணிவாக எடுத்துச் சொன்னார். நிலைமை மாறவில்லை. மூன்றாம் முறை கட்டடத்தின் நிர்வாகக் கழகத்திடமிருந்து எழுத்து வடிவில் அறிவிப்பு வந்தது. மூன்று நாளுக்குள் விலங்குகளை அகற்ற வேண்டும் என்பது அதன் சாரம்.

பாட்டிக்குக் கோபம் வந்தது.

“தோட்டத்துல அத்தனை வருஷம் வளர்த்தோம். யாரும் ஒரு வார்த்தை கேட்கல. வாயில்லாச் சீவன், அது யாருக்கு என்னம்மா கெடுதல் செஞ்சிச்சு?”

“தோட்டத்துல வீட்டுக்குப் பின்னால இடம் கிடந்துச்சு பாட்டி. இங்க நம்ம தரைதான் கீழ்வீட்டுக்காரங்களுக்குக் கூரை,” என்றாள் பேத்தி.

பேத்தி சொன்ன அந்த ஒரு வரியில்தான் குடியிருப்புப் பகுதிகளுக்கான விலங்கு வளர்ப்பு விதிகள் அனைத்தும் அடங்கியுள்ளன. இடைவெளி குறையும்போது, ஒருவர் வீட்டு வழக்கம் மற்றவர் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

விதிகள் எங்கிருந்து வருகின்றன?

மலேசியாவில் விலங்கு வளர்ப்பை ஒரே ஒரு சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. பல அடுக்குகளாகச் சட்டங்கள் உள்ளன.

முதல் அடுக்கு, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம். மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம் ஆகிய மூவகை ஊராட்சி மன்றங்களும் இச்சட்டத்தின்கீழ்ச் செயல்படுகின்றன. மக்களின் உடல்நலம், பாதுகாப்பு, நல்வாழ்வு ஆகியவற்றுக்காகத் துணைச் சட்டங்கள் இயற்றும் அதிகாரத்தை இது மன்றங்களுக்கு வழங்குகிறது. நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தின் கிளையாக, ஒரு மன்றத்தின் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் விதித்தொகுப்பே துணைச் சட்டம் எனப்படும். மன்றம் விரும்பியவுடனே அது நடப்புக்கு வந்துவிடாது. மாநில அரசு அதனை உறுதிப்படுத்த வேண்டும். பின்னர் அது அரசிதழில் வெளியிடப்பட வேண்டும். துணைச் சட்டத்தை மீறுவோருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மீறல் தொடர்ந்தால் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரிங்கிட் வரை கூடுதல் அபராதம் உண்டு.

பிறருக்குத் தொல்லையாகவோ உடல்நலத்துக்குக் கேடாகவோ அமையும் வகையில் வளர்க்கப்படும் விலங்கையும் இச்சட்டம் ‘பொதுத் தொல்லை’களில் ஒன்றாகக் கருதுகிறது. இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சட்டம் கோழியையோ பூனையையோ தொல்லை என்று கூறவில்லை. அது வளர்க்கப்படும் முறையைத்தான் குறை கூறுகிறது. பூனை வளர்ப்பவர் அதன் கழிவை அப்புறப்படுத்தாமல், அது அடுத்த வீட்டுக் காலணி அடுக்கில் அசுத்தம் செய்யும்படி விட்டால், அங்கே குறை பூனையிடம் இல்லை.

நாய்களுக்குத் தனி விதிகள் உள்ளன. கம்போங் மேடான், பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. இம்மன்றம் 2006ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் மாநகர் மன்றமாக உயர்வு பெற்றது. நாய் உரிமத்துக்கும் நாய் இனப்பெருக்க இல்லங்களுக்குமான இதன் துணைச் சட்டம் 2007ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோலாலம்பூரில் நாய் உரிமத்துக்கான துணைச் சட்டம் 1991ஆம் ஆண்டுக்குரியது. பழைய கிள்ளான் சாலையின் பெரும்பகுதி கோலாலம்பூர் எல்லைக்குள் அமைந்துள்ளது. ஆகவே, சிறிது தூரம் நடந்து எல்லையைக் கடந்தாலே ஒருவர் வேறொரு மன்றத்தின் விதிகளுக்கு உட்பட வேண்டியவராகிறார். உரிமக் கட்டணம், நாய்களின் எண்ணிக்கை, வளர்க்கத் தகுந்த இனம், வீட்டின் வகை ஆகியவை பற்றிய விதிகளைத் தத்தம் மன்றத்திடம் கேட்டறிவதே முறை. உறவினர் வீட்டில் நடப்பதைப் பார்த்து முடிவு செய்வது தவறாகிவிடலாம்.

அடுத்த அடுக்கு அடுக்குமாடிகளுக்குரியது. 2013ஆம் ஆண்டு ஸ்டிராத்தா நிர்வாகச் சட்டமும் அதன்கீழ் 2015இல் வந்த ஒழுங்குமுறைகளும், ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டு உரிமையாளர்களின் கடமைகளை வரையறுக்கின்றன. மற்ற உரிமையாளர்களுக்குத் தொல்லை தரும் விலங்கையும், அவர்களின் பாதுகாப்புக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து விளைவிக்கும் விலங்கையும், ஊராட்சி மன்ற விதிகளுக்கு முரணான விலங்கையும் வீட்டிலோ பொது இடத்திலோ வளர்க்கக்கூடாது. நிர்வாகக் கழகத்தின் எழுத்து வடிவிலான அறிவிப்பு கிடைத்த மூன்று நாளுக்குள் அதனை அகற்ற வேண்டும். பாட்டியின் வீட்டுக்கு வந்த அறிவிப்பு இவ்விதியின் அடிப்படையில் அமைந்ததே. நடைபாதை பொது இடம் என்பதையும் அக்குடும்பம் அன்றுதான் உணர்ந்தது.

இவை தவிர, காட்டு விலங்குகளுக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. தாயை இழந்த குரங்குக் குட்டியை இரக்கப்பட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்வோர் இருக்கின்றனர். இரக்கம் நல்லதே. ஆயினும், பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமமோ அனுமதியோ இன்றி வைத்திருப்பது குற்றமாகும். அத்தகைய விலங்கைக் கண்டால் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

விதிகளுக்குப் பின்னே உள்ள காரணங்கள்

இவ்வளவு விதிகள் தேவைதானா என்று பாட்டியைப் போலப் பலரும் கேட்பதுண்டு. நம் நாட்டின் அண்மைக்கால வரலாறே அதற்கு விடை தருகிறது.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களிடையே கடும் மூளைக்காய்ச்சல் கண்டது. தொடக்கத்தில் அது கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. கொசு ஒழிப்பு நடவடிக்கைகள் எடுக்கப்பட்டும் நோய் அடங்கவில்லை. நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இதற்குக் காரணமான புதிய கிருமியைக் கண்டறிந்தார். நோயாளி ஒருவர் வாழ்ந்த சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது ‘நிப்பா’ என அழைக்கப்படுகிறது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன.

கிருமி எப்படி வந்தது? பண்ணைகளை ஒட்டிப் பழமரங்கள் இருந்தன. கிருமியைச் சுமக்கும் பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்கள் பன்றிக் கொட்டில்களில் விழுந்தன. பன்றிகளிடமிருந்து நோய் மனிதரைத் தொற்றியது. இது பெரும் பண்ணைகளில் நிகழ்ந்தது. வீட்டுக் கொல்லையில் நிகழ்ந்ததன்று. எனினும், விலங்கை எந்த இடத்தில், எதற்கு அருகில் வைத்து வளர்க்கிறோம் என்பது உயிரைக் காக்கவோ பறிக்கவோ வல்லது என்பதை அது உணர்த்தியது.

மற்றொரு சான்று வெறிநாய்க்கடி நோய். 2012ஆம் ஆண்டில் மலேசியா இந்நோயற்ற நாடாக ஏற்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 2015இல், பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் பரவி உயிர்களையும் பறித்தது. இத்தகைய நேரத்தில் எந்த வட்டாரத்தில் எத்தனை நாய்கள் உள்ளன, அவற்றுக்கு யார் பொறுப்பு என்பது தெரிந்திருந்தால்தான் தடுப்பூசி போடும் பணி விரைவாக நடக்கும். நாயின் கழுத்தில் தொங்கும் உரிமத் தகடு வெறும் வரி கட்டியதற்கான அடையாளம் அன்று; அந்நாய்க்குப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார் என்பதற்கான சான்று.

பெரும் நோய்கள் மட்டுமல்ல, அன்றாடச் சிக்கல்களும் உள்ளன. கோழிக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை நாள்கணக்கில் மாற்றாமல் விட்டால் அதில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சல் பரவும். சிந்திய தீவனம் எலிகளை வரவழைக்கும். எலியின் சிறுநீர் எலிக்காய்ச்சலுக்குக் காரணமாகும். பல இனத்தவரும் பல சமயத்தவரும் நெருங்கி வாழும் இடத்தில் சமய உணர்வும் மதிக்கப்பட வேண்டும். நாயின் எச்சில் பட்டால் இசுலாமியர்கள் தங்கள் சமய முறைப்படி தூய்மை செய்துகொள்ள வேண்டியுள்ளது. மின்தூக்கியில் நாயைக் கட்டுப்பாடின்றி விடும் ஒருவர் இதனை அறிந்திருப்பது நல்லது.

வாயில்லாச் சீவனின் பக்கம்

விதிகள் அண்டை வீட்டாருக்காக மட்டும் எழுதப்பட்டவை என்று எண்ணிவிடக் கூடாது. விலங்கின் பக்கத்தையும் சட்டம் பார்க்கிறது.

கன்றை இழந்த பசு, மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அடித்து நீதி கேட்ட கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். இன்று எந்த விலங்காலும் மன்றத்தின் புகார் எண்ணை அழைக்க முடியாது. அதற்காகப் பேசுவதற்குச் சட்டம் தேவைப்படுகிறது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்தது. விலங்குக்குத் தகுந்த இருப்பிடமும் உணவும் அளிக்க வேண்டும். அதன் இயல்பான நடத்தைக்கு இடம் தர வேண்டும். வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து அதனைக் காக்க வேண்டும். இவை உரிமையாளரின் கடமைகள். விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இந்தக் கடமைகளை வாசித்த பேத்தி, பின்கட்டில் கட்டிக் கிடந்த நாயைப் பார்த்தாள். பழைய வீட்டில் அது முற்றம் முழுவதும் சுற்றி வந்தது. இங்கே அதன் உலகம் ஒரு கயிற்றின் நீளம் மட்டுமே. அது பகலெல்லாம் குரைத்ததற்குக் காரணம் அவளுக்கு விளங்கியது. கீழ்வீட்டுத் தாதி சொன்ன குறையும், நாய் தன் மொழியில் சொன்ன குறையும் ஒன்றே.

விதிகளும் மாறும்

விதிகளைப் பின்பற்றுவது குடிமக்களின் கடமை. பொருந்தாத விதியை முறையாகக் கேள்வி கேட்பதும் அவர்களின் உரிமை.

சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகக் கூறலாம். அங்கு 1989ஆம் ஆண்டு முதல் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. அனுமதிக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஒரு நாயை மட்டும் வளர்க்கலாம். பொதுமக்களின் கருத்துகள் கேட்கப்பட்ட பின்னர், 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தொடங்கி ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி வழங்கப்பட்டது. ஆனால், தடை நீங்கியபோதே பொறுப்பும் சேர்ந்து வந்தது. பூனைக்கு உரிமம் பெற வேண்டும். அடையாள நுண்சில்லு பொருத்த வேண்டும். தமிழ்நாட்டிலோ, நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதைக் கட்டுப்படுத்த 1997இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இருந்தும், சென்னைத் தெருக்களில் மாடுகள் திரிவதும், மாநகராட்சி அவற்றைப் பிடித்து அபராதம் விதிப்பதும் இன்றும் செய்தியாகின்றன. சட்டம் மட்டும் இருந்தால் போதாது; மக்களின் மனமும் ஒத்துழைக்க வேண்டும்.

மலேசியாவிலும் வழிகள் உள்ளன. ஒவ்வோர் ஊராட்சி மன்றத்திலும் எட்டு முதல் இருபத்து நான்கு உறுப்பினர்கள் இருக்கலாம். வட்டாரச் சிக்கல்களை மக்கள் அவர்களிடம் கொண்டுசெல்லலாம். அடுக்குமாடிகளில், வளர்ப்புப் பிராணிகள் தொடர்பான கூடுதல் விதிகளை உரிமையாளர்களே பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானத்தின் வழி உருவாக்கிக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. கூட்டத்துக்கே வராமல், பின்னர் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக் கோபப்படுவதால் பயனில்லை.

அக்குடும்பம் எடுத்த முடிவு

மூன்று நாள் அவகாசத்தில் முதல் நாள் கோபத்திலேயே கழிந்தது. இரண்டாம் நாள் அப்பா பந்திங்கில் உள்ள மாமாவை அழைத்தார். மாமா வீட்டைச் சுற்றி நிலம் உண்டு. அவரும் முதலில் தம் வட்டார மன்றத்தில் விதிகளைக் கேட்டறிந்த பிறகே, “கொண்டு வாங்க மச்சான்,” என்றார். கோழிகள் அங்கே போயின. கிள்ளானில் தரைவீட்டில் வாழும் அத்தை, முறைப்படி உரிமம் எடுத்து நாயை ஏற்றுக்கொண்டார். மாதம் ஒருமுறை தம்மை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்பது பாட்டி விதித்த நிபந்தனை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பாட்டி வழக்கம்போல் கண்விழித்தார். சேவல் கூவவில்லை. வெறுமையாகக் கிடந்த நடைபாதை மூலையைக் கழுவி, அங்கே வைக்க நினைத்த மல்லிகைத் தொட்டியைக்கூட வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அன்று மாலை தாதி மாடி ஏறி வந்தார். நன்றி சொன்னவர், “நாய் நலமாக இருக்கிறதா?” என்றும் கேட்டார். பாட்டி அவரை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். அவ்விருவரும் அமர்ந்து பேசியது அதுவே முதல் முறை.

பேத்தியின் யோசனைப்படி, அப்பா அடுத்த உரிமையாளர் கூட்டத்தில் ஒரு கோரிக்கையை முன்வைத்தார். இக்கட்டடத்தில் எவ்வகைப் பிராணிகளை, எத்தனை, எந்நிபந்தனையில் வளர்க்கலாம் என்பதைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்பதே அது. புதிதாகக் குடிவருபவர், விலங்கை வைத்துக்கொண்டு பிறகு பிரிந்து வருந்தாமல் இருக்க அது உதவும். சிலர் ஆதரித்தனர், சிலர் எந்த விலங்கும் வேண்டாம் என்றனர். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

ஒரு விலங்கை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் மூவரை எண்ணிப் பார்க்க வேண்டும்: வளர்ப்பவர், அண்டை வீட்டார், அந்த விலங்கு. முதலாமவர் விரும்பியதைப் பேசுவார். இரண்டாமவர் பொறுக்க முடியாதபோது பேசுவார். மூன்றாவது பேசவே பேசாது. அம்மூவருக்கும் இடையே நியாயம் செய்யும் முயற்சியே இவ்விதிகள்.

கருத்துணர் வினாக்கள்

1. கீழ்வீட்டுத் தாதி எதிர்நோக்கிய இரண்டு சிக்கல்களை எழுதுக.
2. ‘துணைச் சட்டம்’ என்றால் என்ன? அது நடப்புக்கு வரும் முன் கடக்க வேண்டிய படிநிலைகள் யாவை?
3. “இங்க நம்ம தரைதான் கீழ்வீட்டுக்காரங்களுக்குக் கூரை.” இக்கூற்றின் உட்பொருளை விளக்குக.
4. நிப்பா கிருமி பரவிய முறை, விலங்கு வளர்ப்பில் இடத்தேர்வின் முக்கியத்துவத்தை எவ்வாறு உணர்த்துகிறது?
5. கீழ்வீட்டுத் தாதியின் குறையும் நாயின் குறையும் ஒன்றே எனக் கூறப்படுவதன் காரணம் யாது?
6. பாட்டி மல்லிகைத் தொட்டியை நடைபாதையில் வைக்காததிலிருந்து அவரிடம் ஏற்பட்ட மாற்றத்தை ஊகித்து எழுதுக.
7. நீவிர் அந்த உரிமையாளர் கூட்டத்தில் பேச வாய்ப்புப் பெற்றால், விலங்கு வளர்ப்புக்காக எவ்விரு விதிகளைப் பரிந்துரைப்பீர்? தக்க காரணங்களுடன் எழுதுக.